குஸ்னோ சுகர்னோவான கதை

1964ஆம் ஆண்டு செப்டம்பர் தொடக்கத்தில் ஓர் இரவு, ஜொகூர் மாநிலத்தின் லாபிஸ் வட்டாரத்தில் இந்தோனேசிய வான்குடைப் படையினர் இறங்கினார்கள். அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே பொந்தியான் கரையோரத்தில் ஒரு குழு வந்து இறங்கியிருந்தது. ரப்பர் தோட்டங்களும் காடும் கலந்து கிடந்த பகுதி அது. 1963இல் தொடங்கி 1966 ஆகஸ்டில் ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை நீடித்த அந்த மோதலை மலாய்மொழியில் 'கொன்ஃப்ரொன்தாசி' என்றார்கள். மூத்த நேயர்களுக்கு அந்த நாட்கள் நன்றாகவே நினைவிருக்கும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வானொலியைத் திருப்பினால் ஒரே பெயர்தான் காதில் விழும். சுகர்னோ!

அதே 1964ஆம் ஆண்டு பொங்கலுக்குத்தான் தமிழ்நாட்டில் பி.ஆர்.பந்துலுவின் 'கர்ணன்' படம் வெளியானது. சிவாஜி கணேசன் தேர்த்தட்டில் சாய்ந்து உயிர்விடும் காட்சியில் அழாதவர்கள் குறைவு. திரையில் கண்ட அந்தக் கர்ணனும், மலேசியாவை நசுக்குவோம் என்று ஜக்கார்த்தாவில் முழங்கிய அந்தச் சுகர்னோவும் ஒரே பெயரைத்தான் சுமந்திருந்தார்கள் என்பது அன்று எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? அதைவிட வியப்பு ஒன்று உண்டு. அந்தப் பெயர் அவருக்குத் தொட்டிலில் இட்ட பெயரே அல்ல. பெற்றோர் முதலில் ஒரு பெயர் வைத்து, அது சரியில்லை என்று மனம் கலங்கி, பிறகு மாற்றி வைத்த பெயர் அது.

1901ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் தேதி விடியற்காலையில், கிழக்கு ஜாவாவின் சுரபாயா நகரில் அந்தக் குழந்தை பிறந்தது. தந்தை ராடென் சுக்கெமி சொஸ்ரோடிஹார்ஜோ ஜாவானியர், இஸ்லாமியர், பள்ளி ஆசிரியர். பாலித் தீவின் சிங்கராஜாவில் ஆசிரியராக இருந்தபோது ஈடா ஆயு ஞோமான் ராய் என்ற இந்துப் பிராமணப் பெண்ணை மணந்து ஜாவாவுக்கு அழைத்து வந்தவர். பெண் வீட்டார் அந்தத் திருமணத்தை விரும்பவில்லை. ஏற்கெனவே ஒரு பெண் குழந்தை இருந்தது. இரண்டாவதாக ஆண் பிள்ளை. அவன் பிறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் கெலூட் எரிமலை வெடித்திருந்தது. விடியலில் பிறந்த பிள்ளை, விடியலின் மகன், நாளை பெரிய ஆளாக வருவான் என்று தாய் அவனைக் கட்டியணைத்துச் சொல்லிக்கொண்டே இருந்தாராம். பிற்காலத்தில் சுகர்னோ, சிண்டி ஆடம்ஸ் என்ற அமெரிக்கப் பெண் எழுத்தாளரிடம் தம் வாழ்க்கையைச் சொல்லி 1965இல் நூலாக வெளிவந்தபோது, தாயின் அந்தச் சொற்களைத்தான் முதல் நினைவுகளில் ஒன்றாகப் பதிவு செய்தார்.

அந்தக் குழந்தைக்கு இட்ட பெயர் குஸ்னோ.

தாயின் கனவு ஒன்று, பிள்ளையின் உடம்பு ஒன்று. குஸ்னோ நோஞ்சானாக வளர்ந்தான். மலேரியா வந்தது. வயிற்றுக்கடுப்பு வந்தது. ஒன்று போனால் இன்னொன்று. பதினோரு வயதில் விஷக்காய்ச்சல் கண்டு இரண்டு மாதத்திற்கும் மேல் உயிருக்குப் போராடினான். அந்த நாட்களில் தந்தை சுக்கெமி, மகன் படுத்திருந்த மூங்கில் கட்டிலுக்கு அடியில், ஈரச் சிமெண்டுத் தரையில் பாய் விரித்துப் படுத்துக் கிடந்தார். தம் உடலில் உள்ள சக்தி மேலே கட்டிலில் கிடக்கும் பிள்ளையின் உடலுக்குள் போய்ச் சேரவேண்டும் என்பது அவருடைய நம்பிக்கை. படித்தவர், ஊரில் பிள்ளைகளுக்குக் கணக்கும் எழுத்தும் சொல்லித் தருபவர், இரவு வந்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுப்பார். பிள்ளை பிழைக்குமா என்ற கேள்வி வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் படிப்பு ஒரு மூலையில் நின்றுவிடும்போலும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலேரியாவுக்கு மருந்தான கொய்னா, சின்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கப்படுவது. அன்றைக்கு உலகச் சந்தைக்குப் போன சின்கோனா பட்டையில் பெரும்பகுதி எங்கே விளைந்தது தெரியுமா? டச்சுக்காரர்கள் ஆண்ட அதே ஜாவாத் தீவில், பாண்டுங் மலைச்சரிவுகளில்தான். மருந்து கப்பலேறி உலகமெல்லாம் போனது. விளைந்த மண்ணில் அது எல்லா வீட்டுக்கும் எட்டிவிடவில்லை. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்குப் பெற்றவர்கள் தங்கள் கையாலேயே செய்யக்கூடிய காரியங்கள் சிலவே இருந்தன. பெயரை மாற்றுவது அதில் ஒன்று.

ஜாவானியர்கள் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். 'கபோத்தான் ஜெனெங்.' பெயரின் பாரம் தாங்காதவன் என்று பொருள். குழந்தைக்கு வைத்த பெயர் அதன் உடலுக்கும் விதிக்கும் அதிகமான எடையாகிவிட்டது. சுமக்க முடியாமல் பிள்ளை நோயில் விழுகிறது. ஆகவே பெயரை இறக்கி வைத்துவிட்டு, தாங்கக்கூடிய வேறொன்றை ஏற்றவேண்டும் என்பது எண்ணம். நம் மலாய் அண்டை வீட்டாரிடமும் இதன் சாயல் உண்டு. பிள்ளை ஓயாமல் அழுதாலோ, அடிக்கடி படுத்தாலோ, பெயர் 'செராசி' இல்லை என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கலாம். செராசி என்றால் ஒத்துப்போவது, இசைவது. கணவன் மனைவிக்கும் சொல்வார்கள், வீட்டுக்கும் குடியிருப்பவருக்கும் சொல்வார்கள், பெயருக்கும் ஆளுக்கும் சொல்வார்கள்.

ஜாவாவில் பெயர்மாற்றம் கமுக்கமாக நடக்கும் காரியமும் அல்ல. அக்கம்பக்கத்தாரை அழைத்துச் 'ஸ்லாமெத்தான்' என்னும் சிறு விருந்து வைப்பார்கள். சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு அரிசிக் கஞ்சி இருக்கும். சிவப்பு, பனைவெல்லம் கலந்தது. வெள்ளை, தேங்காய்ப்பாலில் காய்ச்சியது. சிவப்பு தாயைக் குறிக்கும், வெள்ளை தந்தையைக் குறிக்கும் என்பார்கள். பெரியவர் ஒருவர் துஆ ஓதுவார். இன்று முதல் இந்தப் பிள்ளைக்கு இன்ன பெயர் என்று வந்தவர்களுக்குச் சொல்வார்கள். கஞ்சியைக் குடித்தவர்கள் எல்லோரும் சாட்சி. அவ்வளவுதான். மறுநாளிலிருந்து தெருவே புதிய பெயரால் கூப்பிடும்.

நோய்க்காக மட்டுமல்ல, வாழ்வின் வேறு படிகளிலும் ஜாவானியர் பெயர் மாற்றினார்கள். திருமணமானால் 'முதிய பெயர்' ஒன்றை ஏற்பது வழக்கம். டச்சுக்காரரை எதிர்த்து 1825 முதல் 1830 வரை பெரும்போர் நடத்திய இளவரசர் டிபொநெகோரோ, 1785இல் பிறந்தபோது முஸ்தாஹார். வளர்ந்தபின் ஒந்தோவிர்யோ. அதற்கும் பிறகுதான் டிபொநெகோரோ. ஆகவே சுக்கெமி தம் மகனின் பெயரை மாற்ற நினைத்தபோது ஊர் வியக்கவில்லை. கேள்வி ஒன்றுதான். அடுத்து என்ன பெயர்?

சுக்கெமி மகாபாரதத்தில் ஊறியவர். பையன் பருவ வயதை எட்டுவதற்கு முன்பே ஒருநாள் அவனை அழைத்து, இனி உனக்குக் கர்ணன் பெயர் என்று சொன்னார். கர்ணன் யார் என்று கேட்கவேண்டிய நிலையில் அவன் இல்லை. தோல்பாவைக் கூத்தான வாயாங் பார்த்து வளர்ந்த எந்த ஜாவானியச் சிறுவனுக்கும் கர்ணனைத் தெரியும். நட்புக்காகவும் செய்நன்றிக்காகவும் உயிரைக் கொடுத்தவன், அஞ்சாதவன், தன் நாட்டுக்கு நின்றவன். நீயும் அப்படி வரவேண்டும் என்பதே தந்தை பிள்ளைக்குச் சொன்ன விளக்கம்.

தமிழர்களுக்குக் கர்ணன் என்றவுடன் கொடை நினைவுக்கு வரும். கவசத்தையும் குண்டலத்தையும் அறுத்துக் கொடுத்த கை நினைவுக்கு வரும். ஜாவாவில் அழுத்தம் வேறு இடத்தில் விழுகிறது. அங்கே கர்ணன் கடமையின் வீரன். சுராகார்த்தாவில் 1853 முதல் 1881 வரை அரச பதவியில் இருந்த நான்காம் மங்குநெகாரா, 'செரத் திரிபாமா' என்ற சிறு நூலைப் பாடினார். போர்வீரர்கள் பின்பற்றவேண்டிய மூன்று முன்மாதிரிகளை அதில் எடுத்துக் காட்டினார். ஒருவன் சுவாண்டா என்னும் அமைச்சன். அடுத்தவன் கும்பகர்ணன். மூன்றாமவன் கர்ணன். கம்பனின் கும்பகர்ணனுக்காகக் கண் கலங்கிய தமிழருக்கு இந்தத் தேர்வின் பொருள் எளிதில் விளங்கும். இருவருமே தோற்ற பக்கத்தில் நின்றவர்கள், தோற்பது தெரிந்தே நின்றவர்கள்.

தோற்ற பக்கம் என்பதுதான் தகப்பனுக்கு உறுத்தல். நோயிலிருந்து மீளவேண்டிய மகனுக்கு, தேர்ச்சக்கரம் புதைந்து மாண்டவன் பெயரா? அங்கேதான் 'சு' வந்து முன்னால் ஒட்டிக்கொண்டது. சமஸ்கிருதத்தில் 'சு' என்றால் நல்ல. சுமதி, சுகுணா, சுகந்தி என்று நம் வீடுகளிலும் புழங்கும் அதே 'சு'. தவறான அணியில் நிற்காத கர்ணன், நல்ல கர்ணன் என்று பொருள் வருவதற்காகவே அப்படி வைத்தார் என்று விளக்கம் சொல்வோர் உண்டு. ஜாவானிய நாக்கில் கடைசி 'அ' ஓசை 'ஒ' பக்கம் சாய்வதால் கர்ணா கர்னோ ஆனது. சுகர்ணா, சுகர்னோ. குஸ்னோ மறைந்தான்.

மகாபாரதம் அறிந்த சுக்கெமிக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். கர்ணனுக்கே அது முதல் பெயர் அல்ல. ஆற்றில் மிதந்துவந்த பெட்டியிலிருந்து எடுத்த குழந்தைக்கு, பொன்னும் மணியுமாய்க் கவசகுண்டலத்தோடு பிறந்ததைக் கண்டு, வளர்ப்புத் தந்தை அதிரதனும் தாய் ராதையும் வைத்த பெயர் வசுசேனன். செல்வத்தோடு வந்தவன் என்ற கருத்து. உடலோடு ஒட்டிப் பிறந்ததை அறுத்துக் கொடுத்த செயலுக்குப் பிறகுதான் கர்ணன் என்ற பெயர் உலகத்தில் நிலைத்தது என்கிறது பாரதம்.

சரி, பெயரை மாற்றியதால் நோய் தீர்ந்ததா? பெயருக்குப் பயந்து எந்தக் கிருமியும் ஓடுவதில்லை. ஆனால் வேறொன்று நடந்தது. நோஞ்சான் என்று ஊர் பார்த்த பிள்ளையை ஊர் புதிய கண்ணால் பார்க்கத் தொடங்கியது. பிள்ளையும் தன்னை அப்படிப் பார்க்கத் தொடங்கினான். வருத்தத்தில் பெயரைக் கழற்றிய தகப்பன் அதோடு நிற்காமல், எதிர்பார்ப்பு ஒன்றை ஏற்றிவிட்டார். பாரம் தாங்கவில்லை என்று இறக்கியவர் முன்பைவிடப் பெரிய பாரத்தையே தூக்கி வைத்தார் என்றுகூடச் சொல்லலாம். 1945 ஆகஸ்டு 17ஆம் தேதி இந்தோனேசிய விடுதலையைப் பிரகடனம் செய்த மனிதர், தம் பெயர்க் கதையை அத்தனை விரிவாகச் சொல்லிவைத்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

இதே பயம், வேறு வடிவத்தில், நம் மூதாதையரிடமும் இருந்தது. அடுத்தடுத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த தமிழ்நாட்டுக் கிராமத்து வீட்டில் அடுத்த குழந்தை பிறந்தால் என்ன செய்வார்கள்? குப்பைமேட்டில் கிடத்தி எடுத்துக் 'குப்பன்' என்பார்கள், 'குப்பாயி' என்பார்கள். தவிட்டைக் கொடுத்து அண்டை வீட்டாரிடமிருந்து விலைக்கு வாங்கியதாகப் பாவனை செய்வார்கள். மூக்கைக் குத்தி 'மூக்கன்' என்பார்கள். 'பிச்சை' என்று வைப்பார்கள். எமனுக்கும் கண்ணேறுக்கும் இந்தப் பிள்ளை வேண்டாத பொருளாகத் தெரியட்டும் என்பதுதான் கணக்கு. சரவாக்கில் பல ஆண்டுகள் அதிகாரியாக இருந்த சார்ல்ஸ் ஹோஸ், வில்லியம் மெக்டூகலுடன் சேர்ந்து 1912இல் வெளியிட்ட நூலில், போர்னியோவின் உள்நாட்டு மக்கள் நோயுற்ற பிள்ளையின் பெயரை மாற்றி, தீய ஆவிகள் அடையாளம் காணாதிருக்க அருவருப்பான சொற்களால் அழைப்பதை எழுதியிருக்கிறார்கள். கடல் நடுவே இருந்தும் தாய்மாரின் உபாயம் ஒன்றுபோலவே இருந்திருக்கிறது.

ஜாவானியத் தகப்பன் நோய் வந்தபின் பெயரை மாற்றினார். தமிழ்த் தாய் நோய் வருவதற்கு முன்பே முந்திக்கொண்டாள். ஒரு வித்தியாசம் உண்டு. ஜாவாவில் பழைய பெயர் காற்றோடு போயிற்று. குப்பனும் பிச்சையும் கப்பலேறியபோது அந்தப் பெயர்கள் தாளில் ஏறிவிட்டன. பட்டியலில் ஏறின, தோட்டத்துச் செக்ரோலில் ஏறின. கிராணி காதில் எப்படி விழுந்ததோ அப்படி ஆங்கில எழுத்தில் ஏறின. எமனை ஏமாற்ற வைத்த பெயர், எமன் மறந்துபோன பிறகும் அறுபது எழுபது வருடம் ஒருவனோடு நடந்தது. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு மலாயாவில் 12 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் அடையாள அட்டை என்று வந்தபோது, வீட்டில் ஒரு பெயர் அட்டையில் ஒரு பெயர் என்று வாழ்ந்தவர்களுக்கு அட்டைப் பெயரே கெட்டியானது.

காலம் மாறிய விதத்தைப் பாருங்கள். 2006ஆம் ஆண்டு மலேசியத் தேசியப் பதிவு இலாகா, பிள்ளைகளுக்கு வைக்கத் தகாத பெயர்கள் என்று ஒரு பட்டியலை வெளியிட்டது. ஹிட்லர் கூடாது, 007 கூடாது, சீனக் கிளைமொழியில் நாற்றத்தலை என்று பொருள்படும் பெயர் கூடாது என்று போனது அந்தப் பட்டியல். பிள்ளை வளர்ந்து கேலிக்கு ஆளாகக்கூடாதே என்ற அக்கறை நியாயமானது. ஆனால் ஒரு காலத்தில் இழிவான பெயர் என்பது பெற்றவளின் அலட்சியம் அல்ல, அவளிடமிருந்த கடைசிக் கேடயம் என்பதையும் அந்தப் பட்டியலோடு சேர்த்து நினைத்துப் பார்க்கலாம்.

சுக்கெமிக்கு வாய்த்த வசதி என்ன என்பது இப்போது விளங்கும். 1901இல் ஜாவாவில் பிறந்த உள்நாட்டுக் குழந்தைகளுக்கு டச்சு அரசாங்கத்தின் பிறப்புப் பதிவேடு கிடையாது. ஐரோப்பியருக்கு இருந்தது, ஜாவானியருக்கு இல்லை. அதனால்தான் சுகர்னோ பிறந்தது சுரபாயாவா, பிளிட்டாரா என்பதிலேயே நெடுங்காலம் குழப்பம் நிலவியது. பதிவு இல்லாதது ஒருவகையில் அவமதிப்பு. இன்னொரு வகையில், பெயரை மாற்ற விரும்பிய தகப்பனுக்கு அது சுதந்திரம். எந்த அலுவலகத்து முகப்பிலும் நிற்க வேண்டியதில்லை. கஞ்சி காய்ச்சினால் போதும்.

பதிவேடு பரவிய நாடுகளில் பெற்றோரின் மனமாற்றம் எப்படி எதிர்கொள்ளப்பட்டது? மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பதிவுமுறையைக் கொண்டுவந்த இங்கிலாந்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே 1837 ஜூலை 1ஆம் தேதி முதல் பிறப்புகளை அரசாங்கம் பதிவு செய்யத் தொடங்கியது. 42 நாட்களுக்குள் பதிவாளரிடம் தெரிவிக்க வேண்டும். ஆனால் பெயர் வைக்கும் இடம் தேவாலயம். ஞானஸ்நானம் பதிவுக்குப் பிறகும் நடக்கலாம். பதிவாளரிடம் ஒரு பெயரைச் சொல்லிவிட்டு வந்தபின், தாத்தா பெயரை விட்டுவிட்டோமே என்று வீட்டில் சச்சரவு எழுந்து, தேவாலயத்தில் வேறு பெயர் விழுந்துவிட்டால்?

சட்டம் எழுதியவர்கள் இதை எதிர்பார்த்தே இருந்தார்கள். 1836ஆம் ஆண்டுச் சட்டத்தில், பதிவு செய்து ஆறு மாதத்திற்குள் ஞானஸ்நானத்தில் கிடைத்த பெயரைச் சான்றிதழ் காட்டிச் சேர்க்கலாம் என்று இடம் விட்டார்கள். பதிவேட்டின் ஒவ்வொரு வரியிலும் பத்தாவது கட்டம் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. 1874இல் வந்த சட்டம் ஆறு மாதத்தைப் பன்னிரண்டு மாதமாக்கியது. 1953ஆம் ஆண்டுச் சட்டமும் அந்தப் பன்னிரண்டு மாதத்தை அப்படியே வைத்துக்கொண்டது. ஓராண்டுக் காலம் என்பது சும்மா வந்த எண் அல்ல. பெற்றோரின் மனம் ஒரு நிலைக்கு வர எவ்வளவு நாள் பிடிக்கும் என்று அரசாங்கம் போட்ட மதிப்பீடு அது.

இதில் மனத்தைத் தொடும் ஒரு சங்கதி உண்டு. புதிய பெயரை எழுதும்போது பழைய பெயரை அடிக்க மாட்டார்கள், சுரண்ட மாட்டார்கள். முதல் பெயர் இரண்டாவது கட்டத்தில் இருந்தபடியே இருக்கும். மாறிய பெயர் தள்ளிப் போய்ப் பத்தாவது கட்டத்தில் நிற்கும். நூற்றைம்பது ஆண்டு கழித்து அந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர், ஏதோ ஒரு வீட்டில் ஒரு தாயும் தகப்பனும் சில வாரங்கள் தூக்கமில்லாமல் பேசிக்கொண்டிருந்ததை இரண்டு கட்டங்களுக்கு நடுவே பார்த்துவிடலாம். மலேசியாவின் 1957ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 27ஆவது பிரிவிலும் இதே மனப்பான்மை தெரியும். பதிவில் உள்ள தவற்றைச் சத்தியப் பிரமாணத்தின் பேரில் திருத்தலாம். ஆனால் மூலப்பதிவைத் தொடாமல், ஓரத்தில்தான் எழுதவேண்டும். தாள் மறப்பதில்லை.

தாளுக்கும் வாய்க்கும் இடையே எவ்வளவு தூரம் விழக்கூடும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஓர் உதாரணம். 1913 ஜூலை 14ஆம் தேதி நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹா நகரில் டோரதி என்ற இளம்பெண்ணுக்கு ஆண் குழந்தை பிறந்தது. கணவர் பெயர் லெஸ்லி லிஞ்ச் கிங். வழக்கப்படி மகனுக்கும் அதே பெயர், இளையவர் என்ற அடைமொழியோடு. கணவரோ அடிக்கும் குணம் உடையவர். குழந்தை பிறந்த சில நாட்களில் கத்தியைத் தூக்கிக்கொண்டு மனைவியை மிரட்டினார். பதினாறாவது நாள் டோரதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டை விட்டு வெளியேறினார். அவ்வாண்டு டிசம்பரில் மணமுறிவு. கையில் இருக்கும் குழந்தையைப் பெயர் சொல்லி அழைக்கும்போதெல்லாம், கத்தி தூக்கியவன் பெயரை வாயால் சொல்ல வேண்டும் என்ற நிலை அந்தத் தாய்க்கு.

1917இல் டோரதி, மிச்சிகனில் சாயம் விற்கும் தொழிலில் இருந்த ஜெரால்ட் ருடால்ஃப் ஃபோர்டு என்பவரை மறுமணம் செய்தார். மகனையும் ஜெரால்ட் ஃபோர்டு என்றே அழைக்கத் தொடங்கினார்கள். சட்டப்படி தத்து எடுக்கவில்லை, எந்தப் பத்திரத்திலும் மாற்றவில்லை. பள்ளியிலும் கால்பந்துத் திடலிலும் அவர் ஃபோர்டு. தாளில் மட்டும் கிங். 1935 டிசம்பர் 3ஆம் தேதிதான், இருபத்திரண்டு வயதில், பெயர் சட்டப்படி மாறியது. தாய் பதினாறு நாளில் எடுத்த முடிவைத் தாள் எட்டிப்பிடிக்க இருபத்திரண்டு வருடம்! 1974 ஆகஸ்டில் அவர் அமெரிக்காவின் 38ஆவது அதிபரானார். வெள்ளை மாளிகை வாசலில் அன்று லெஸ்லி கிங் என்ற பெயரை உச்சரித்திருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இன்றும் இந்நாட்டில் பிள்ளை பிறந்தவுடன் நட்சத்திரம் பார்த்து முதல் எழுத்து எடுப்பதும், எண்கணிதம் பார்ப்பதும், முப்பது கழிக்கும் நாளில் தொட்டிலில் இட்டுப் பெயர் சூட்டுவதும் நடக்கின்றன. அவசரமாகப் பதிவு செய்துவிட்டு முப்பதாம் நாளில் பாட்டி வேறு பெயரைக் காதில் ஓதிவிடும் வீடுகளும் உண்டு. அப்படி மனம் மாறிய பெற்றோரைப் பார்த்து, ஒரு பெயரைக்கூட யோசித்து வைக்கத் தெரியாதா என்று உறவினர்கள் இடித்துரைப்பார்கள். டோரதியையும் சுக்கெமியையும் அந்த உறவினர்களிடம் சொல்லலாம். முதல் பெயர், முகத்தைப் பார்த்த மகிழ்ச்சியில் வைப்பது. பிள்ளையை நாலு நாள் மடியில் போட்டு, அதன் அழுகையையும் காய்ச்சலையும் பார்த்த பிறகு வருவது இரண்டாவது பெயர். எதில் யோசனை அதிகம்?

சுகர்னோவின் பெயருக்கு இன்னும் ஒரு மாற்றம் பாக்கியிருந்தது. ஜாவாவில் பிள்ளைப் பருவத்தில் அவர் கற்ற எழுத்துமுறை டச்சுக்காரர் வகுத்தது. அதில் 'உ' ஓசையை 'ஓ' எழுத்தும் 'ஈ' எழுத்தும் சேர்த்து எழுதவேண்டும். விடுதலை பெற்ற இந்தோனேசியா 1947இல் அதை நீக்கி, ஒற்றை 'யூ' எழுத்தைக் கொண்டுவந்தது. அடிமைக்கால எழுத்து ஒழியவேண்டும் என்பதில் அதிபருக்கு மாற்றுக்கருத்து இல்லை. தம் பெயரையும் அனைவரும் புதிய முறையில்தான் எழுதவேண்டும் என்றார். ஆனால் கையெழுத்து மட்டும் பழைய எழுத்திலேயே விழுந்துகொண்டிருந்தது. பள்ளியில் படிந்த கை, ஐம்பது வயதில் மாற மறுக்கிறது என்று அவரே ஒப்புக்கொண்டார்.

1970 ஜூன் 21ஆம் தேதி அவர் காலமானார். பிளிட்டாரில் தாயின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். 1985இல் ஜக்கார்த்தாவுக்கு வெளியே புதிய விமான நிலையம் திறக்கப்பட்டு, அவர் பெயரும் துணை அதிபர் ஹத்தாவின் பெயரும் சேர்த்துச் சூட்டப்பட்டன. கோலாலம்பூரிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ போய் இறங்குகிறவர்கள் பலகையைக் கவனித்துப் பார்க்கலாம். 'எஸ்'ஸுக்கு அடுத்து அந்தப் பழைய 'ஓ'வும் 'ஈ'யும் இருக்கும்.